கூண்டை ஏற்காத இந்திரி

மடகாஸ்கர் தீவுக்குக் காட்டுயிர் பார்க்கச் செல்லும் குழுக்களில் பல, பயணத்தின் கடைசி நாளை அந்தாசிபே என்ற சிற்றூருக்கென்று வைத்திருக்கின்றன. தலைநகர் அந்தனானரிவோவிலிருந்து கிழக்குக் கடற்கரைக்குப் போகும் இரண்டாம் எண் தேசிய நெடுஞ்சாலையில், சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் அந்த ஊர் இருக்கிறது. காலையில் காட்டுக்குள் நடந்துவிட்டு மதியம் வண்டியேறினால் இரவு விமானத்தைப் பிடித்துவிடலாம். தெற்கே முள்காடுகளில் வளையவால் லெமூர்களைப் பார்த்தாயிற்று. மேற்கே வானுயர்ந்த பெருக்க மரங்களைப் பார்த்தாயிற்று. உள்ளங்கைக்குள் அடங்கும் எலி லெமூர்களை இரவு விளக்கொளியில் பார்த்தாயிற்று. மிச்சமிருக்கும் ஒரு காலைப்பொழுது இந்திரிக்கு.

வளையவால் லெமூரைப் பார்க்க மடகாஸ்கர் வரை போகவேண்டியதில்லை. உலகின் பல உயிரியல் பூங்காக்களில் அது குட்டி போட்டுப் பெருகி வாழ்கிறது. இந்திரி அப்படியில்லை. அதைப் பிடித்து வளர்க்க நடந்த முயற்சிகள் எல்லாமே தோற்றன. இன்று உலகில் எந்தப் பூங்காவிலும் ஓர் இந்திரிகூட இல்லை. கிழக்கு மடகாஸ்கரின் மழைக்காடுகளை விட்டால் அதற்கு வேறு இடமே கிடையாது. அழியும் நிலையிலுள்ள விலங்குகள் பலவற்றுக்கு, காட்டில் தவறினாலும் கூண்டில் சில மிஞ்சும் என்ற கடைசி ஆறுதலாவது உண்டு. இந்திரிக்கு அந்த ஆறுதலும் இல்லை. ஆகவே இந்திரியைக் காப்பது என்றால் அந்தக் காட்டைக் காப்பது மட்டும்தான். அந்த விலங்கை அறிந்துகொண்டால் இது ஏன் என்பதும் புரியும்.

தேவாங்கின் உறவு

இன்று உயிரோடிருக்கும் லெமூர்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று இந்திரி. வளர்ந்த விலங்கு ஆறு முதல் ஒன்பது கிலோ எடை இருக்கும். தலையும் உடலுமாகச் சேர்ந்து 60 முதல் 70 சென்டிமீட்டர் நீளம். மற்ற லெமூர்களுக்கு நீண்ட வால் இருக்க, இதற்கு ஐந்தாறு சென்டிமீட்டர் அளவில் வாலின் அடையாளம் மட்டுமே உண்டு. கரிய உடல், அதில் வெள்ளைத் திட்டுகள், கரிய முகம், பஞ்சு ஒட்டியது போன்ற வட்டக் காதுகள், மஞ்சளும் பச்சையும் கலந்த கண்கள். அந்தாசிபே பகுதி இந்திரிகளில் கருமை மிகுதி. தெற்கே போகப்போக வெண்மை கூடும்.

இந்திரியை ஐரோப்பிய அறிவியலுக்கு முதலில் விவரித்தவர் பிரெஞ்சு இயற்கையாளர் பியேர் சோனரா. இந்தியாவிலும் கீழ்த்திசை நாடுகளிலும் சுற்றிய அனுபவத்தை அவர் 1782-இல் நூலாக வெளியிட்டார். இந்திரி பற்றிய விவரணை அதில்தான் இருக்கிறது. பிரெஞ்சு அரசின் ஊழியராகப் புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது.

சோனராவைக் காட்டிலும் நெருங்கிய தொடர்பு ஒன்றும் நமக்கு இந்திரியோடு உண்டு. தமிழ்நாட்டின் புதர்க்காடுகளில் இரவில் மெல்ல நகரும் தேவாங்கும் மடகாஸ்கரின் லெமூர்களும் ஒரே கிளையில் வந்தவை. குரங்குகள், வாலில்லாக் குரங்குகள், மனிதர் ஆகியோர் ஒரு கிளை. லெமூர், தேவாங்கு வகையறா மற்றொரு கிளை. இந்தக் கிளையில் வந்தவற்றுக்குப் பொதுவான அடையாளங்கள் இரண்டு. கீழ்த்தாடையின் முன்பற்கள் நெருங்கி முன்னோக்கிச் சாய்ந்து சீப்பாக அமைந்திருக்கும். உரோமத்தைக் கோதிவிட அது பயன்படும். பின்காலின் இரண்டாவது விரலில் மட்டும் சொறிவதற்கென்று கூரிய நகம் இருக்கும். தேவாங்கின் பற்சீப்பில் ஆறு பற்கள் என்றால் இந்திரியின் சீப்பில் நான்கு. அந்தாசிபேயில் பகலில் துள்ளும் சிஃபாக்காவும், இரவில் மரக்கிளையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் கம்பளி லெமூரும் இந்திரியின் நேர்க் குடும்பம்.

லெமூர் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு லெமூரியா நினைவுக்கு வரும். இந்தியாவிலும் மடகாஸ்கரிலும் இந்த உறவு விலங்குகள் இருப்பதை எப்படி விளக்குவது என்று பார்த்த பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்க்லேட்டர், இடையில் கடலில் மூழ்கிய ஒரு நிலம் இருந்திருக்கவேண்டும் என்று 1864-இல் எழுதினார். அந்தக் கற்பனை நிலத்துக்கு அவர் சூட்டிய பெயர்தான் பின்னால் நம் மேடைகளுக்கும் பாடநூல்களுக்கும் வந்து சேர்ந்தது. கண்டங்களே நகர்கின்றன என்பது தெரிந்தபின் நிலவியலுக்கு அந்த நிலம் தேவைப்படவில்லை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்தது உண்மை, சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை பிரிந்தன. ஆனால் லெமூர்களின் மூதாதையர் மடகாஸ்கருக்கு வந்தது அதற்கும் பிந்தி, ஐந்தாறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு. புயலில் வேரோடு பெயர்ந்த மரத் திட்டுகளில் ஒட்டிக்கொண்டு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மிதந்து வந்திருக்கவேண்டும் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இன்றைய கடல் நீரோட்டம் அதற்கு எதிர்த்திசையில் ஓடுகிறதே என்ற கேள்வி நெடுங்காலம் இருந்தது. அக்காலத்தில் மடகாஸ்கர் இன்னும் தெற்கே இருந்தது, அப்போதைய நீரோட்டம் அவ்வப்போது கிழக்கு நோக்கிப் பாய்ந்திருக்கும் என்று ஜேசன் அலி, மேத்யூ ஹ்யூபர் ஆகிய இருவரும் 2010-இல் நேச்சர் இதழில் கணக்கிட்டுக் காட்டினார்கள். குரங்குகள் எட்டாத அந்தத் தீவில் லெமூர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பெருகின.

காலைப் பாட்டு

அந்தாசிபேயில் பயணிகள் பெரும்பாலும் நுழைவது அனலமசோத்ரா காப்பகத்துக்குள். சுமார் 800 எக்டேர் பரப்புள்ள சிறு காடு அது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. வழிகாட்டிகள் இங்குள்ள இந்திரிக் குடும்பங்களை ஒவ்வொன்றாக அறிவார்கள். முந்தின மாலை எந்த மரத்தில் உறங்கப் போயின என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஏழு, எட்டு மணிக்கு மரப்பெரணிகளும் தாழைகளும் அடர்ந்த சரிவில் குழு நின்றுவிடுகிறது. பிறகு பேச்சில்லாமல் காத்திருக்கவேண்டும்.

பாட்டு ஒரு கர்ஜனையில் தொடங்குகிறது. மிகச் சிறிய குட்டிகளைத் தவிரக் குடும்பம் மொத்தமும் சேர்ந்து எழுப்பும் கரகரத்த ஒலி அது. அடுத்து நீண்ட தனிச் சுரங்கள். பிறகு உயரத்தில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும் தொடர்கள். ஒரு விலங்கு தொடங்க மற்றொன்று எடுத்துக்கொள்கிறது. ஆணும் பெண்ணும் இணைந்து பாடுகின்றன; வளரும் பிள்ளைகளும் சேர்ந்துகொள்கின்றன. ஒரு பாட்டு ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் வரை நீளும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். ஒரு குடும்பம் முடித்ததும் அடுத்த மலைச்சரிவிலிருந்து வேறொரு குடும்பம் பதில் கொடுக்கும். அதற்கு அப்பாலிருந்து இன்னொன்று. அருகில் நிற்பவர்களின் நெஞ்சுக்கூடே அதிரும் வலிமை அந்த ஒலிக்கு உண்டு. ஆனாலும் கேட்பவர்களில் பலர் அதைச் சோகப் பாட்டு என்றே உணர்கிறார்கள்.

இந்திரிக்கு அது அன்றாட வேலை. இந்தக் காட்டுப் பகுதி எங்களுடையது, இத்தனை பேர் இங்கே இருக்கிறோம் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரிவிக்கும் அறிவிப்பு அது. அறிவித்துவிடுவதால் எல்லைச் சண்டைகள் அரிதாகவே நடக்கின்றன. குடும்பத்திலிருந்து ஒருவர் தொலைவில் பிரிந்துவிட்டாலும் பாட்டால் கூப்பிடுகின்றன. வானில் வல்லூறு தென்பட்டால் ஒரு வகை ஒலி, தரையில் மடகாஸ்கரின் வேட்டை விலங்கான ஃபோசா வந்தால் வேறு ஒலி.

இந்தப் பாட்டில் தாளமும் இருக்கிறது என்பது 2021-இல் தெரியவந்தது. இத்தாலியின் டூரின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியாரா டி கிரெகோரியோ, மார்கோ கம்பா முதலியோர், தாளத்தை ஆராயும் ஆந்திரேயா ரவிஞ்ஞானியுடன் சேர்ந்து, 20 குழுக்களைச் சேர்ந்த 39 இந்திரிகளின் பாட்டை 12 ஆண்டுகளாகப் பதிவு செய்து அளந்தார்கள். சுரங்களுக்கு இடையேயான இடைவெளிகள் மனம்போனபடி அமையவில்லை. இரண்டு விகிதங்களைச் சுற்றியே குவிந்தன. அடுத்தடுத்த இடைவெளிகள் சம அளவில் வருவது ஒன்று. ஓர் இடைவெளியைப் போல் அடுத்தது இரு மடங்காக வருவது மற்றொன்று. முதல் காலத்தில் பாடிய வரிசையை இரண்டாம் காலத்தில் பாடும்போது ஒரு சுரத்தின் இடத்தில் இரண்டு வந்து அமர்கின்றனவே, அதே இரட்டிப்புக் கணக்குதான் இது. ஆணும் பெண்ணும் ஒரே விகிதங்களைப் பின்பற்றினாலும் அவற்றின் வேகம் வேறுபட்டது. போகப்போகப் பாட்டு மெல்ல வேகம் தணிவதும் பதிவாகியிருக்கிறது. மனிதரல்லாத பாலூட்டி ஒன்றிடம் இந்தத் தாள விகிதங்கள் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை.

நமக்கும் இந்திரிக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது ஏழரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. அவ்வளவு தொலைவில் பிரிந்த இரு கிளைகள் தாளத்தைத் தனித்தனியாக வந்தடைந்திருக்கக்கூடும். சேர்ந்து பாடும் வாழ்க்கை எதுவாயினும் அதற்குத் தாளம் உதவுகிறதா, இசையின் வேர் அங்கேதான் இருக்கிறதா என்று ஆராய இந்திரி ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. அந்த 12 ஆண்டுப் பதிவும் காட்டிலேயே நடந்தது என்பதை மறக்கக்கூடாது. ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர முடியாத பாடகர்கள் இவர்கள்.

இலையும் மண்ணும் பொறுமையும்

பாட்டு ஓய்ந்ததும் குடும்பம் மேய்ச்சலுக்குப் புறப்படுகிறது. செங்குத்தான மரத்தண்டைக் கைகளாலும் கால்களாலும் பற்றியபடி நிமிர்ந்திருக்கும் இந்திரி, பின்கால்களை உதைத்து அடுத்த தண்டுக்குத் தாவுகிறது. பின்கால்கள் முன்கால்களைவிட மிக நீளம். ஒரே தாவலில் பத்து மீட்டர்வரை கடக்கும். தண்டுக்குத் தண்டு பாயும் இந்த நடைக்கு இடைவெளியின்றி வளர்ந்த மரங்கள் வேண்டும். நடுவே காட்டை வெட்டி வெளியாக்கிவிட்டால் இந்திரிக்கு அது கடல்.

உணவு பெரும்பாலும் இளந்தளிர். விதை, பழம், பூ ஆகியவற்றையும் பருவத்துக்கேற்பத் தின்னும். பல பத்து வகை மரங்களிலிருந்து அன்றன்றைக்குத் தேர்ந்து உண்கிறது. இலையில் சத்து குறைவு, செரிக்க நேரம் அதிகம். அதனால் நாளின் பெரும்பகுதியை ஓய்விலேயே கழிக்கிறது. இடையிடையே மரத்தை விட்டுத் தரைக்கு இறங்கிக் குறிப்பிட்ட சில இடங்களில் மண்ணை எடுத்துத் தின்பதும் உண்டு. இலைகளிலுள்ள நச்சுப்பொருள்களைக் களிமண் கட்டுப்படுத்துகிறது என்பது ஒரு விளக்கம். குடலிலுள்ள நுண்ணுயிர்களுக்கு மண் துணைசெய்கிறது என்பது இன்னொன்று.

கூண்டில் இந்திரி பிழைக்காததன் காரணமும் இங்கேதான் இருக்கவேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. குறிப்பிட்ட மரங்கள், அவற்றின் தளிர்கள், அந்த மண், அந்த உணவுக்கேற்ற குடல் நுண்ணுயிர்கள் என்று இந்திரியின் வயிறு காட்டின் தொடர்ச்சியாகவே அமைந்திருக்கிறது. விலங்கை மட்டும் பெயர்த்துக்கொண்டு போனால் பாதியைத்தான் கொண்டுபோகிறோம்.

குடும்பத்தில் தலைமை பெண்ணுக்கு. நல்ல தளிர் இருக்கும் கிளைக்குப் பெண் வந்தால் ஆண் விலகிக்கொள்ளும். 1970-களில் இந்திரியைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர் பொலக் இதை விரிவாகப் பதிவு செய்தார். ஆணும் பெண்ணும் நிலையான இணையாக வாழ்கின்றன. குடும்பம் இரண்டு முதல் ஆறு பேர்வரை இருக்கும். பெண் பருவமடைய ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பிறகு இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஒரே ஒரு குட்டி. குட்டி முதல் சில மாதம் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டும் பிறகு முதுகில் ஏறியும் காடு பழகுகிறது. இவ்வளவு மெதுவாகப் பெருகும் விலங்கில் ஒன்றை வேட்டையில் இழந்தால், அந்த இடம் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும்.

காடு சுருங்கும் கதை

கிழக்கு மடகாஸ்கர் மக்கள், குறிப்பாக பெட்சிமிசாரக்கா இனத்தார், இந்திரியை பாபகூத்து என்று அழைக்கிறார்கள். தேனெடுக்க மரமேறிக் கொட்டுப்பட்டு விழுந்தவனை இந்திரி தாங்கிப் பிடித்தது என்பது ஒரு கதை. அண்ணன் தம்பி இருவரில் ஒருவன் காட்டிலேயே தங்கி இந்திரியானான், மற்றவன் ஊருக்கு வந்து மனிதனானான் என்பது இன்னொரு கதை. அதனால் இந்திரியைக் கொல்வதும் தின்பதும் அங்கே விலக்கப்பட்டது. அந்த விலக்கு தலைமுறை தலைமுறையாக இந்திரியைக் காத்தது. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு அந்தக் கதைகள் சொந்தமில்லை. பசி மிகுந்த இடங்களில் விலக்கும் தளர்ந்தது. இன்று பல காடுகளில் இந்திரி வேட்டையாடப்படுகிறது.

வேட்டையைவிடப் பெரிய ஆபத்து காடே குறைவது. மரங்களை வெட்டி எரித்து, சாம்பல் பூமியில் மலைநெல் விதைத்து, ஓரிரு விளைச்சலுக்குப்பின் மண் சத்திழந்ததும் அடுத்த சரிவுக்கு நகரும் சாகுபடி அங்கே பழமையானது. மக்கள்தொகை பெருகும்போது நிலம் ஆறிக் காடாக அவகாசம் கிடைப்பதில்லை. சமையலுக்கு அடுப்புக்கரி வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் கரி மூட்டைகள் அடுக்கியிருப்பதைத் தலைநகருக்குத் திரும்பும் வண்டியிலிருந்தே பார்க்கலாம். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழிதேடும் குடும்பங்களைக் குற்றவாளிகளாக்கினால் காடு மிஞ்சாது. அவர்களுக்கு வேறு வருவாய் இருந்தால்தான் மிஞ்சும்.

மனிதர் வந்தபின் மடகாஸ்கர் ஏற்கெனவே பெரும் இழப்பைக் கண்ட தீவு. கொரில்லா அளவுக்கு வளர்ந்த ஆர்க்கியோஇந்திரிஸ் உட்படப் பெரிய லெமூர்கள் அத்தனையும் அழிந்தன. இந்திரி, எஞ்சியவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 107 லெமூர் வகைகளில் 103 அழியும் அச்சுறுத்தலில் இருக்கின்றன; 33 வகைகள் மிக மோசமான நிலையில். இந்திரி அந்த 33-இல் ஒன்று. காட்டில் எஞ்சியிருப்பவை பத்தாயிரத்தைத் தாண்டாது என்பது மதிப்பீடு.

அந்தாசிபே இதற்கு எதிராக ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. சிறிய அனலமசோத்ரா போதாது என்று 1989-இல் அருகே மன்டாடியா தேசியப் பூங்கா உருவாக்கப்பட்டது. அது சுமார் 15,000 எக்டேர். அனலமசோத்ராவில் வேட்டையால் மறைந்துபோயிருந்த மகுட சிஃபாக்காவை 2006 முதல் வேறு காடுகளிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். காவலுள்ள காட்டில் அவை மீண்டும் குடும்பமாயின. உள்ளூர் வழிகாட்டிகளே சேர்ந்து 1999-இல் தொடங்கிய மித்சின்ஜோ சங்கம், பிரிந்து கிடக்கும் காட்டுத் துண்டுகளை இணைக்க நாட்டு மரக்கன்றுகளை வளர்த்து நடுகிறது. அழியும் தவளைகளை இனப்பெருக்கம் செய்விக்கிறது. இரவு நடைக்குத் தன் காட்டைத் திறந்துவிட்டு அந்த வருவாயில் வேலைகொடுக்கிறது. 2020-இல் பெருந்தொற்றால் பயணிகள் வராமல் போனபோது, இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதும் தெரிந்தது.

போகிறவர்கள் செய்யக்கூடியது

ஆகவே அந்தக் கடைசி நாளில் காட்டுக்குள் நிற்கும் குழுவுக்கு ஒரு பங்கு உண்டு. உள்ளூர் வழிகாட்டிக்குக் கட்டணத்தைக் குறைத்துப் பேசாதிருப்பது முதலாவது. மன்டாடியாவுக்கும் மித்சின்ஜோ காட்டுக்கும் நேரம் ஒதுக்கினால் பணமும் கூட்டமும் ஒரே சிறு காட்டில் குவியாமல் பரவும். கைபேசியில் இந்திரியின் பாட்டை ஒலிக்கவிட்டுப் பதில் பாட்டு வரவழைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அந்நியக் குடும்பம் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நம்பியே அவை பதில் சொல்கின்றன. சேமித்து வைக்கவேண்டிய ஆற்றலை வீணாக்கும் ஏமாற்று அது. பயணிகள் அதைக் கேட்கக்கூடாது. யாராவது தாமாகச் செய்ய முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லவேண்டும். பாட்டு வராவிட்டாலும் காட்டில் பார்க்க நிறைய இருக்கிறது. காத்திருந்தால் பெரும்பாலும் வரும்.

மடகாஸ்கர் வரை போக முடியாதவர்களுக்கு இந்திரியின் உறவு இங்கேயே இருக்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் காட்டுப் பகுதி 11,806 எக்டேரை, நாட்டின் முதல் தேவாங்கு சரணாலயமாக 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தேவாங்கும் மெதுவாக வாழும் விலங்கு. கிளைக்குக் கிளை தொடர்ச்சி இருந்தால்தான் அதனால் நகர முடியும். புதர்க்காடு துண்டானால் சாலையிலும் வெளியிலும் மாட்டிக்கொள்கிறது. மந்திரத்துக்கும் மருந்துக்கும் ஆகும் என்ற மூடநம்பிக்கையால் அது பிடிக்கப்பட்டதும் உண்டு. அதைக் காக்கவும் வேலிக்குள் அடைத்த நிலம் மட்டும் போதாது. அங்கே வாழும் விவசாயிகளும் மேய்ப்பவர்களும் அதைத் தங்களுடையது என்று எண்ணவேண்டும். அந்தாசிபே வழிகாட்டிகள் செய்துகாட்டுவதும் அதைத்தான். ஒரு விலங்கின் பெயரையும் பழக்கத்தையும் ஊரார் அறிந்து, அதனால் ஊருக்கு வாழ்வும் கிடைத்தால், காவல் என்பது அந்த ஊரின் அன்றாட வேலையாகிவிடும். இந்திரிக்கும் தேவாங்குக்கும் நாம் தரக்கூடிய பாதுகாப்புகளில் நிலைத்து நிற்கக்கூடியது அதுவே.